பெரட்டு மணியும் ஆட்ட மணியும்: சுங்கை சிப்புட்டில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

ஈப்போவை விட்டுக் கோலகங்சார் நோக்கிப் பழைய கூட்டரசுச் சாலையில் வந்தால் சுங்கை சிப்புட். கோலாலம்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் சுகம், ஆனால் எல்லா வண்டியும் இங்கே நிற்பதில்லை. பதியும்போதே நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஈப்போவில் இறங்கி மறுபடி சாலை வழிதான். பகல் காற்பந்தாட்டம் பார்க்கப் பேருந்து போதும். இரவு ஆட்டத்துக்கு வருகிறவர் திரும்பும் வண்டியை முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம். 9 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் 10.50-க்கு முன்னால் முடியாது. அந்நேரத்தில் பேருந்தை நம்பி நிற்பது வீண்.

அக்டோபர் கடைசி வாரம் என்று தேதி பார்த்து வைத்ததற்கு ஒரே காரணம், அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். அங்கே திருப்புகிற முள், டி.வி. நேரலை வழியாக, பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துத் திடலின் கீழ்நிலைக் காற்பந்து லீக்கை எப்படித் தொடுகிறது என்பதுதான் இந்த ஐந்து நாள் குறிப்பு.

ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊர் இது. 1948 ஜூன் 16 அன்று இங்கே எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்து ரப்பர் மலைகளில் பல இப்போது செம்பனை. லயத்து வீடுகளை விட்டுத் தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கு, அதாவது வெளியே உள்ள குடியிருப்புகளுக்கு, போய்விட்டன. லயங்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் மட்டும் பல தோட்டங்களில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்.

கீழ்நிலை லீக் என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உச்சியில் 2004-ல் தொடங்கிய சூப்பர் லீக். அதற்கடுத்த நிலையாக இருந்த பிரிமியர் லீக்கை 2023-ல் எடுத்துவிட்டார்கள். மலேசியக் காற்பந்துச் சங்கம் 1952 முதல் 2018 வரை நடத்திய ஃபேம் லீக்கும் இல்லை. இன்று சூப்பர் லீக்குக்குக் கீழே ஏ1 என்ற பகுதித் தொழில்முறை லீக், அதற்கும் கீழே மாநில, மாவட்ட அமெச்சூர் லீக்குகள். தோட்டத்து ஊரில் பார்க்கக் கிடைப்பது இந்தக் கடைசிப் படிதான். நுழைவு இலவசம், அல்லது 3, 5 ரிங்கிட். நாற்காலி கிடையாது, மோட்டார் சைக்கிள்தான் நாற்காலி.

இந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள வேலை நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். பால் மரம் சீவுகிறவர்களுக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம், விடியுமுன்னே. குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறச் சொட்டு குறையும். அதனால் நெற்றி விளக்கோடு இருட்டிலேயே சீவி முடித்து, 10, 11 மணிக்கு மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், நிரம்பியதைச் சேர்த்து, ஸ்டோரில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு வர ஒரு மணி, இரண்டு மணி. சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் 4. அப்போதுதான் அந்த மனிதருக்கு ஒரு மாலை இருக்கிறது. இரவு 9-க்கு அவர் பாயில். காலை மழை பெய்தால் கணக்கு முழுதும் மாறும்: மரப்பட்டை காயும்வரை சீவ முடியாது, வேலை பின்தள்ளும், மாலை ஆட்டத்துக்கு வருகிறவர் பாதி நேரத்தில்தான் வந்து சேருவார். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு நேரம் வேறு, ஆனால் அவர்களுக்கும் அதிகாலை அதிகாலைதான். நகரத்தில் உட்கார்ந்து "ரசிகர்களுக்கு வசதியான நேரம் இரவு 9" என்று தீர்மானிப்பவர்கள் இந்தப் பெரட்டைக் கணக்கில் வைப்பதில்லை.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் உணவுக் கடையில், வெள்ளைத் திரை சுருட்டி மேலே கட்டியிருக்கிறது. பகலில் இறக்க மாட்டார்கள். கூரை ஓரத்து வெளிச்சத்தில் புரொஜக்டர் படம் வெளுத்துப்போகும். இருட்டிய பிறகு 7.15 வாக்கில் இறக்குவார்கள். கடையில் பொதுமக்களுக்குக் காட்ட ஆஸ்ட்ரோ என்ற கட்டணத் தொலைக்காட்சியின் வீட்டுச் சந்தா போதாது, வணிகச் சந்தா வேறு. அந்தப் பணத்தைத் தே தாரேயிலும் ரொட்டியிலும் எடுத்தாக வேண்டும். ஆகவே கடைக்காரருக்கு ஆங்கில லீக்கின் நேரப்பட்டியல் மனப்பாடம்.

அதை இங்கே எழுதிவைக்கலாம், திடலுக்குப் போகிற எவருக்கும் உதவும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் இங்கிலாந்துக்கும் 7 மணி நேர வித்தியாசம். சனிக்கிழமை அங்கே நண்பகல் 12.30 ஆட்டம் இங்கே இரவு 7.30. பிற்பகல் 3 மணி ஆட்டங்கள் இங்கே 10. மாலை 5.30 ஆட்டம் நள்ளிரவு 12.30. ஞாயிறு 2 மணி ஆட்டம் 9-க்கு, 4.30 ஆட்டம் 11.30-க்கு. அக்டோபர் கடைசிக்குப் பிறகு வித்தியாசம் 8 மணி நேரம். மேலே சொன்ன எல்லாவற்றோடும் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது மலேசிய லீக்குகளின் வழக்கமான இரவு நேரங்களை எடுத்து வையுங்கள்: மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு 8.15, 8.30, 9. ஆங்கில லீக்கின் சனி முதல் ஆட்டம் கோடைக் கணக்கில் இதற்குச் சற்று முன்னே தொடங்கி 9.20 வரை ஓடும். குளிர்காலக் கணக்கில் நேருக்கு நேர் உட்காரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 3 மணி ஆட்டங்களை இங்கிலாந்தில் இருக்கிறவர்கள் நேரலையில் பார்க்க முடியாது. சனி 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டில் எந்தக் காற்பந்தையும் நேரலையாகக் காட்டக்கூடாது. 1960 செப்டம்பரில் பிளாக்பூல், போல்டன் அணிகளின் ஆட்டத்தை முதன்முதலாக லீக் நேரலையாகக் காட்டிப் பார்த்தார்கள். அந்த முயற்சி அத்தோடு நின்றது. அதே பத்தாண்டில் பர்ன்லி அணியின் தலைவர் பாப் லார்டு, சனி பிற்பகல் நேரலை வந்தால் சிறிய அணிகளின் வாசல் வசூல் செத்துவிடும் என்று மற்ற அணித் தலைவர்களைச் சம்மதிக்க வைத்தார். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூயெஃபாவின் சட்டத்திலும் 48-ஆம் பிரிவாக அது இடம்பிடித்தது: ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வார இறுதியில் இரண்டரை மணி நேரத்தை இப்படி அடைத்து வைத்துக்கொள்ளலாம். கோவிட் காலத்தில் மட்டும் தளர்த்தினார்கள். 2024-25 முதல் இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களே ஐந்து ஆண்டுக்கு 93.5 கோடி பவுண்டுக்கு ஒளிபரப்பை விற்று, சீசனுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆட்டங்களைக் காட்டச் சம்மதித்தபோதும் அந்தச் சுவரை இடிக்கவில்லை. சனி ஆட்டங்களில் சிலவற்றை 12.30-க்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். அந்த 12.30 நம்முடைய 7.30.

ஆக, அவர்கள் ஊர்ச் சிறிய திடலைக் காக்கிற அடைப்பு நம் ஊர்ச் சிறிய திடலுக்கு இல்லை. அவர்களே பார்க்காத ஆட்டத்தை நாம் பார்க்கிறோம்.

பெரியவர்கள் கடையில் சொல்வது வேறு. டி.வி. வந்ததால் திடல் காலியாகவில்லை என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-லேயே தொடங்கிவிட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக் அணியில் ஆடிய எம். சந்திரனையும், ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கிய கோல் கீப்பர் ஆறுமுகத்தையும் கொண்டாடிய தலைமுறை திடலுக்கும் போனது, டி.வி.யும் பார்த்தது. 1994-ல் ஆட்ட ஊழல் வெடித்து ஆட்டக்காரர்கள் வரிசையாகத் தடைசெய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு மலேசியக் கிண்ணத்தை வென்ற கையோடு சிங்கப்பூரும் விலகியது. நம்பிக்கை போனது அங்கே. ஆஸ்ட்ரோ வந்தது 1996-ல். ஏற்கெனவே எழுந்து நின்றவர்களுக்கு அது உட்கார வேறொரு நாற்காலியைக் கொடுத்தது என்பதுதான் சரியான வரிசை.

இன்னொரு மாற்றத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பு மலேசிய சீசன் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து ஆண்டு முடிவுக்குள் முடியும். ஜூன், ஜூலையில் ஐரோப்பாவில் பந்து உருளாது. அந்த இரண்டு மாதம் திடலுக்குப் போட்டியே கிடையாது. ஆசியக் கிளப் போட்டிகள் 2023-ல் இலையுதிர்கால அட்டவணைக்கு மாறியதும் சூப்பர் லீக்கும் பின்னால் போனது: 2024 மே முதல் 2025 ஏப்ரல் வரை ஒரு சீசன், அடுத்தது 2025 ஆகஸ்டில். இப்போது இரண்டு லீக்கும் ஒரே மாதங்களில். மாவட்ட லீக்குகள் மாநில அணியின் நாள்காட்டியைப் பார்த்தே போடப்படுவதால், கீழே இருப்பவர்களும் அந்த ஓய்வு மாதங்களை இழக்கிறார்கள். மாவட்ட அமைப்பாளர்கள் இதைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜூன், ஜூலையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழர் அணி என்று ஒன்று மேலே இருந்தபோதும் தூரம் தடுத்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2017, 2018-ல் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறிச் சூப்பர் லீக்குக்குப் போய், 2022 சீசனோடு விலகிக்கொண்டது. சொந்த ஆட்டம் பெட்டாலிங் ஜெயாவில். பேராக்கின் தோட்டத்து ரசிகர் அதை டி.வி.யில்தான் பார்த்திருக்க முடியும். வார இரவில் அங்கே போய்விட்டுப் பெரட்டுக்குத் திரும்புவது நடக்கிற காரியமில்லை.

மூன்றாம் நாள், சனி

மாவட்ட லீக் ஆட்டம், தோட்டத்துத் திடல், மாலை 5. அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நேற்று முன்தினம் 4.30 என்றிருந்தது, நேற்றிரவு 5 ஆனது.

அந்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்பதை இன்று அருகிலிருந்தே பார்க்க முடிந்தது. கணக்கு எளிது. 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45, இரண்டு பாதிக்கும் சேர்த்துக் கூடுதல் நேரம் ஏழு நிமிடம் என்று வைத்தால் 112 நிமிடம். 5-க்குத் தொடங்கினால் 6.52. பேராக்கில் பிப்ரவரியிலும் ஜூலையிலும் சூரியன் 7.30 வாக்கில் மறையும்; அக்டோபர் கடைசியில் 7-க்கு முன்னாலேயே. கையில் இருப்பது ஐந்து நிமிடம். நம் ஊரில் அந்தி நீளாது. மறைந்து கால் மணியில் கோல் கீப்பருக்குப் பந்து தெரியாது.

இதே மாதம்தான் இரண்டு பருவமழைக்கு இடையில் வருகிற மாதம். காலையில் வெயில் ஏறும், பிற்பகல் மேகம் மலைமேல் திரளும், 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் இடியோடு கொட்டும். இன்று 5.35-க்கு முதல் மின்னல். மின்னல் தெரிந்து இடி கேட்க 30 நொடிக்குக் குறைவாக எடுத்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துதான் திரும்பத் தொடங்கலாம். ஒவ்வொரு இடிக்கும் அந்த 30 மறுபடி பூஜ்யத்திலிருந்து. நடுவர் சரியாகத்தான் செய்தார், கத்தியவர்கள் தவறு. 6.20-க்குக் கடைசி இடி, 6.50 வரை காத்திருப்பு, அதற்குள் வானம் கறுத்துவிட்டது. ஆட்டம் கைவிடப்பட்டது.

4.30-க்குத் தொடங்கியிருந்தாலும் இந்த மழைக்குத் தப்பியிருக்காதுதான். ஆனால் ஆட்டம் அரை மணி நேரம் மட்டும் நின்றிருந்தால் தப்பியிருக்கும்: 6.22-க்கு முடிய வேண்டியது 6.52-க்கு முடியும். அக்டோபர், நவம்பரில் விளக்கில்லாத திடலில் 4.30 என்பது கடைசி நேரம். பிப்ரவரியில் 5 பரவாயில்லை. அட்டவணையை ஆண்டு முழுக்க ஒரே மணிக்குப் போடுகிறவர்கள் சூரியன் மறைவதில் உள்ள இந்த அரை மணி நேர வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. 4.30-ஐ 5 ஆக்கியதற்குக் காரணம், தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை பார்க்கும் இரண்டு மூன்று ஆட்டக்காரர்கள் வந்து சேர வேண்டும் என்பது. அவர்கள் பிரச்சினையும் உண்மைதான். ஆனால் திடலைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் 4.30 என்று நினைத்து வந்து அரை மணி நேரம் வெயிலில் காய்ந்து, பிறகு மழையில் நனைந்தார்கள். அடுத்த வாரம் இவர்களைக் கூப்பிட இரட்டிப்பு வேலை.

"விளக்கு போட்டு ஆடினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். போடலாம். 100 மீட்டருக்கு 64 மீட்டர் திடலுக்கு நான்கு கம்பம், கம்பத்துக்கு நான்கு, ஆக 16 விளக்கு. ஒவ்வொன்றும் 2000 வாட் மெட்டல் ஹேலைட். இவ்வளவும் போட்டால் தரையில் சுமார் 200 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) கிடைக்கும். ஃபிஃபாவின் வழிகாட்டியில் பயிற்சிக்கும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கும் சொல்லும் அளவு அதுதான். லீக் ஆட்டத்துக்கு 500, தொலைக்காட்சி நேரலைக்கு 2000-க்கு மேல். டி.வி. வர வேண்டும் என்றால் பத்து மடங்கு வெளிச்சம் என்று அர்த்தம். மாவட்ட லீக்குக்கு நேரலை வராததற்கு வெளிச்சமும் ஒரு காரணம்.

16 விளக்கும் சோக்கும் சேர்ந்து 35 கிலோவாட் இழுக்கும். 60 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் மணிக்குப் பத்தரை லிட்டர் குடிக்கும். 7.30-க்கு ஏற்றி 11-க்கு அணைத்தால் மூன்றரை மணி நேரம், 37 லிட்டர். லிட்டர் 3 ரிங்கிட் என்று வைத்தால் 111 ரிங்கிட். 5 ரிங்கிட் டிக்கெட்டில் முதல் 23 பேர் வெளிச்சத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறார்கள். வாடகை, நடுவர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் அதற்கு மேல். 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தபோது லிட்டர் 2.15-லிருந்து 3.35-க்குப் போனது, அன்றிலிருந்து இரவு ஆட்டம் வைக்கிறவர்கள் வாளியோடு கணக்குப் போடுகிறார்கள்.

கெட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்று: எல்லாக் கம்பத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றுவது. பிரேக்கர் விழும். சூடான மெட்டல் ஹேலைட் உடனே திரும்ப எரியாது. குமிழ் ஆறினால்தான் பற்றும், அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் கூட்டம் மோட்டாரைக் கிளப்பிவிடும். கம்பம் கம்பமாக, ஒன்று முழுவதும் வெளுத்த பிறகு அடுத்தது என்று ஏற்ற வேண்டும். டீசலை இடைவேளையில் ஊற்றலாம் என்று விட்டுவைப்பதும் வேண்டாம். நிறுத்தி ஊற்றினால் மறுபடி அதே பதினைந்து நிமிடம்.

இன்றைய கூட்டம் 7 மணிக்கு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. பாதி வீட்டுக்கு, தீபாவளிச் சாமான் வாங்கக் கொஞ்சம் பேர் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு, மிச்சம் மாமாக் கடைக்கு. ஈரச் சட்டையோடு உட்கார்ந்தவர்களுக்குமேல் திரை இறங்கியது. 7.30 ஆட்டம் தொடங்கிவிட்டது. திடல் கைவிட்டது, கடை எடுத்துக்கொண்டது. டி.வி. யாரையும் திடலிலிருந்து இழுத்துக்கொண்டு போகவில்லை. காலியான மணியில்தான் வந்து உட்கார்ந்தது.

நான்காம் நாள், ஞாயிறு

காலை 9 மணிக்கு இங்கிலாந்தில் கடிகாரம் பின்னுக்குப் போனது. இங்கே எதுவும் அசையவில்லை, மாமாக் கடை வெள்ளைப் பலகையைத் தவிர. ஞாயிறு முதல் ஆட்டம் 9.00 என்பதை அழித்து 10.00 என்று எழுதியிருக்கிறார்கள்.

ஞாயிறு காலை 8.30-க்கு ஆட்டம் வைத்தால் மழையும் இல்லை, டி.வி.யும் இல்லை, வெயிலும் தாங்கும் என்று சில அமைப்பாளர்கள் நினைப்பார்கள். காகிதத்தில் அழகான நேரம். ஆனால் சனி நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய ஆட்டம் முடிந்தது 2.20-க்கு. அதைப் பார்த்தவன் 8.30-க்கு எழுந்திருக்க மாட்டான், அவன் ஆட்டக்காரனாக இருந்தால் வந்து தூங்கிக்கொண்டே ஆடுவான். நேரலை தன் மணியோடு நிற்பதில்லை, மறுநாள் காலையையும் எடுத்துக்கொள்கிறது. போதாததற்குக் காலையில் கோயில், சர்ச், சந்தை. ஆண்டவனோடும் கத்தரிக்காயோடும் போட்டி போட மாவட்ட லீக்குக்குத் தெம்பு கிடையாது.

இன்றைய ஆட்டம் வேறொரு திடலில், 4.30. நேற்றைய மழையில் கோடு முழுதும் கரைந்திருந்தது. பக்கக் கோடு, கோல் கோடு, நடுக்கோடு, இரண்டு பெட்டி, வட்டம், வளைவு எல்லாம் சேர்த்தால் சுமார் 680 மீட்டர். கயிறு கட்டி இரண்டு பேர் சுண்ணாம்பு போட ஒன்றரை மணி நேரம். ஈரப் புல்லில் பொடி கட்டியாகி உருளை அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் கரைத்து ஊற்றியும் பயனில்லை, ஓடிவிடும். புல்லை ஒரு மணி நேரம் காயவிட்டு, பெட்டிகளை முதலில், பக்கக் கோட்டைக் கடைசியில் என்று போட்டார்கள். நேரம் போதவில்லை என்றால் நடுவட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பெட்டி இல்லாமல் நடுவர் விசில் ஊத மாட்டார்.

கூட்டம் நேற்றைவிட நன்றாக இருந்தது. ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் லயத்திலிருந்து நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். இவர்களைத் தமிழ் லீக் அமைப்பாளர்கள் ரசிகர்களாக எண்ணுவதே இல்லை. நோட்டீஸ் தமிழிலும் மலாயிலும் மட்டும். வாரத்தில் ஒரே ஒரு மாலை இருப்பவர்கள், எல்லோரையும்விட ஒழுங்காக வருகிறவர்கள். பெரியவர்கள் சைடுலைனில், பிள்ளைகள் மண்மேட்டில், வடை வண்டி ஒன்று, செண்டோல் வண்டி ஒன்று. வடை வண்டிக்காரருக்கு ஆட்ட நேரம் எப்போது மாறினாலும் நஷ்டம்: உளுந்தைக் காலையிலேயே ஊறப்போட்டு மதியம் அரைத்துவிடுகிறார், 5 மணி 9 மணியானால் மாவு புளித்துவிடும். அவர் ஒரு தடவை ஏமாந்தால் அடுத்த வாரம் வர மாட்டார். அவர் வராத திடலுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களும் வர மாட்டார்கள்.

நேர மாற்றம் இங்கிலாந்திலும் உண்டு. ஆனால் டி.வி.க்காக எந்த ஆட்டம் எந்த நாளுக்குப் போகிறது என்று அங்கே சில வாரம் முன்னால் அறிவித்துவிடுவார்கள், அதற்கே ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். இங்கே முதல் நாள் இரவு வாட்ஸ்அப். மாவட்ட லீக் நடத்துகிறவர் செய்யக்கூடிய மலிவான வேலை இது: ஆங்கில லீக்கின் டி.வி. பட்டியல் வெளிவந்ததும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு வாரத்துக்கு நேரம் போட்டு, பிறகு கை வைக்காமல் இருப்பது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் தேசிய அணிகளுக்காக ஐரோப்பியப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் வார இறுதிகளில் அரையிறுதி, இறுதி ஆட்டங்களை வைக்கலாம். இங்கிலாந்தில் 2010 முதல் அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையைச் சிறிய அணிகளின் நாளாகவே கொண்டாடுகிறார்கள். பெரிய அணியின் ரசிகர் அன்று பக்கத்துத் திடலுக்குப் போகிறார். நம் தேசிய அணி ஆடும் நாளாக இருந்தாலும் அது இரவில்தான், மாலை 4.30 காலி.

பணத்தையும் பார்க்க வேண்டும். வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். டிக்கெட் வைக்கிற ஆட்டம் என்றால் 7-ஐ அடுத்த சனி, ஞாயிறு. மாதக் கடைசியில் இலவச ஆட்டம் வையுங்கள், வடையாவது விற்கும்.

திடலில் ஒரு பையன் இந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் பிடித்து நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தான். இதனால் கூட்டம் குறையுமா என்பது அமைப்பாளர்களுக்குள் ஓயாத சண்டை. எங்கள் கருத்து: ஊரை விட்டுப் போனவர்கள்தான் அதைப் பார்க்கிறார்கள், ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறவர்கள். அவர்கள் எப்படியும் 5 ரிங்கிட் கொடுக்க வரப்போவதில்லை. ஆனால் தொடுப்பைக் காலையிலேயே எல்லாக் குழுவிலும் போட்டால், மேகம் கறுத்ததும் பக்கத்துத் தாமான்காரர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் போதும். செய்முறையில் இரண்டு விஷயம்: மாலை ஆட்டத்துக்குக் கேமராவை மேற்குப் பக்கம் வைக்க வேண்டும், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, அந்தப் பையன் கிழக்கில் வைத்திருந்தான், 6 மணிக்குமேல் எல்லோரும் நிழலுருவம். நடுக்கோட்டுக்கு நேரே, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரமாவது வேண்டும். லாரியின் பின்தட்டில் ஏணி கட்டினாலும் சரி. நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 1.8 ஜிகாபைட், முழு ஆட்டத்துக்கு மூன்றரை. வெயிலில் கைப்பேசி சூடாகித் தானே அணையும். ஒரு குடை போதும்.

6.21-க்கு ஆட்டம் முடிந்தது. மழை 6.40-க்கு வந்தது.

ஐந்தாம் நாள், திங்கள்

நேற்றிரவு 10 மணி ஆட்டத்துக்குக் கடையில் நாற்காலிகள் பல காலி. போன வாரம் வரை 9-க்கு இருந்த அதே ஆட்டம்தான். ஒரு மணி நேரம் தள்ளிப்போனதும் பெரட்டுக்காரர்கள் படுக்கப் போய்விட்டார்கள், 12.30 ஆட்டத்துக்குத் தாமான் பையன்கள் மட்டும். திடலைத் தின்கிற அதே மணி குளிர்காலத்தில் கடையையும் தின்கிறது.

ஜெர்மனியில் டி.வி.க்காகத் திங்கள் இரவு ஆட்டம் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவன் ஐந்நூறு கிலோமீட்டர் எப்படி வருவான் என்று ரசிகர்கள் வரிசையாக எதிர்ப்புக் காட்டியதில், 2021-22 சீசனிலிருந்து முதல் டிவிஷனில் அதை எடுத்துவிட்டார்கள். டி.வி. பணம் பெரிது என்றாலும் காலி மேடையைக் காட்டி விற்க முடியாது.

ரயிலடிக்குப் போகும் வழியில் மாமாக் கடைப் பலகை. அடுத்த சனிக்கிழமைக்கான நேரங்களை எழுதிவிட்டார்கள்: 8.30, 11.00, 1.30. அதற்குக் கீழே தூணில் லீக்கின் புதிய அறிவிப்பு, பிளாஸ்டிக் உறையில். சனியன்று மழையால் நின்றுபோன ஆட்டம் ஊர்த் திடலில் விளக்கு வெளிச்சத்தில் மறுபடி நடக்கும், நுழைவு 5 ரிங்கிட். சனி, இரவு 8.30.